தங்கபுஷ்பம் டீச்சரும் விரிசலுக்குள் போன அமிலமும்

முதலமடையில் என் தங்கையின் மாந்தோப்பில் நின்றுகொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. லாரியில் மாங்காய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. வேலி ஓரம் வரை நடந்துபோய் மறுபடி காதில் வைத்தேன்.

“டீச்சர், நான் துரைப்பாண்டி. தேவிகுளத்துல இருந்து பேசுதேன். புஷ்பம் அக்காவோட தம்பி.”

“சொல்லுங்க தம்பி.”

“அக்கா போயிட்டா டீச்சர். காலைல நெஞ்சு வலிக்குன்னா. ஜீப்புல ஏத்திட்டுப் போனோம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு.”

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. “இல்லீங்க தம்பி, நேத்து சாயங்காலம் எனக்கு மெசேஜ் அனுப்புனாங்களே” என்றேன். மெசேஜ் அனுப்பியவர் எப்படிச் சாக முடியும் என்பதுபோல. துரைப்பாண்டி பாவம், “ஆமா டீச்சர், நேத்து நல்லாத்தான் இருந்தா” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அந்த மெசேஜ் இதுதான்: “டீச்சர், நாம சூட்டை விட்டுட்டோம்! ஆசிட் கல்லைக் கரைக்கும்போது சூடாகும்லா? சூடானா இன்னும் வேகமாக் கரைக்கும்லா? திங்கக்கிழமை உக்காருவோம்!!!” மூன்று ஆச்சரியக்குறிகள். நான் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலாக அனுப்பியிருந்தேன்.

நம் கல்லூரி இதழில் தங்கபுஷ்பம் டீச்சரைப் பற்றி எழுதச் சொன்னபோது, துக்கமாக எழுத வருமா என்று தயங்கினேன். வரவில்லை. அவரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது பரபரப்புதான். உங்களில் பலரும் முதலாண்டுக் கணக்கு அவரிடம்தான் படித்தீர்கள். வகுப்புக்குள் அவர் வருவதற்கு முன்பே அவர் குரல் வந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் எரிவாயுக் கிணறுகளுக்குள் ஊற்றும் அமிலம் பற்றி அவரும் நானும் செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் வேதிப் பொறியியல் துறை. அவர் கணிதத் துறை. ஒரே கட்டடத்தில் நான்கு வருடம் இருந்தும் வணக்கம் சொல்வதோடு சரி. ஒரு நாள் பகல் இடைவேளையில் கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தார்.

“டீச்சர், உப்புத் தண்ணியில கரையுதுக்கும் கல்லு ஆசிட்ல கரையுதுக்கும் ஒரே சமன்பாடு எழுதலாமா?”

எதற்குக் கேட்கிறார் என்று கேட்டேன். “சும்மாதான். குளிக்கும்போது தோணுச்சு” என்றார். நான் விளக்கத் தொடங்கினேன். அறையில் எழுதும் பலகை இல்லை. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, என் இரும்பு அலமாரியின் கதவில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். அன்று நான் சாப்பிடவே இல்லை. பச்சை நிற அலமாரிக் கதவு முழுக்க எழுதி, இடம் தீர்ந்ததும் பக்கவாட்டில் எழுதி, மணியடித்ததும் “இதை அழிச்சிராதீங்க, நாளைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினார். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், தமிழ் வழியில் படித்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதலில் தெரிந்தது அந்த ஓட்டம்தான்.

அதே வருடம் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரரான வைத்தியநாதன் என்னைத் தேடி வந்தார். கல்லூரியில் என்னோடு படித்தவர், இப்போது ஓர் எரிவாயு நிறுவனத்தில் கிணறுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். அவர் கொண்டுவந்த சிக்கலை நான் எளிமையாகச் சொல்கிறேன். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை. அதன் விரிசல்களில் எரிவாயு இருக்கிறது. கிணறு தோண்டும்போது சேறு போய் அந்த விரிசல்களை அடைத்துவிடும். அதனால் அமிலத்தை அழுத்தி உள்ளே செலுத்துவார்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து வழிகளைத் திறக்கும், எரிவாயு மேலே வரும்.

“அது செலவாகித் தீர்றதுக்குள்ள எவ்வளவு தூரம் போகும், அதாக்கும் கேள்வி” என்றார் வைத்தி. “கீழே தண்ணி இருக்கற பாறை ஒண்ணு இருக்கு. ஆசிட் அதுவரைக்கும் ஓட்டை போட்டுடுத்துன்னா கதை கந்தல். எரிவாயுக்குப் பதிலா தண்ணிதான் வரும். கணக்குப் போட்டுச் சொல்றேளா?”

நான் அடுத்த அறைக்குப் போய்ப் புஷ்பம் டீச்சரைக் கூட்டி வந்தேன். வைத்தி மறுபடி முதலிலிருந்து சொன்னார். பாதியில் புஷ்பம் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். “இது நம்ம அலமாரிக் கணக்குலா!” என்றார்.

மூன்று மாதத்தில் ஒரு கணித மாதிரியை உருவாக்கினோம். விரிசல் என்றால் எதிரெதிரே நிற்கும் இரண்டு தட்டையான சுவர்கள் என்று வைத்துக்கொண்டோம். நடுவே அமிலம் ஓடுகிறது, ஓட ஓடச் சுவரைக் கரைத்துத் தன் வீரியத்தை இழக்கிறது. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், நாங்களும் செய்தோம். அமிலம் நாலாபுறமும் சீராகப் பரவி, தண்ணீர்ப் பாறைக்கு நெடுந்தூரம் முன்பே தீர்ந்துவிடும் என்று விடை வந்தது. அறிக்கை கொடுத்தோம். நிறுவனத்திலிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது. கல்லூரி முதல்வர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் பேச்சில் இருந்த நேரம் அது. அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று என் கோப்பிலும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு வேலை முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை.

“கணக்கு சொல்லுது. கல்லு என்ன சொல்லுதுன்னு பாக்கலையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாளையார்ப் பக்கம் ஒரு குவாரியில் சுண்ணாம்புக்கல் கிடைக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் ஹக்கீம் அண்ணனோடு போய், தானாகவே இரண்டாகப் பிளந்திருந்த ஒரு கல்லை எடுத்துவந்தார். அளவெடுத்து அறுக்காமல் பிளந்த கல்தான் வேண்டுமென்று அவர் பிடிவாதமாக நின்றதாக ஹக்கீம் அண்ணன் சொன்னார்.

இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடுவதற்கு முன்னால், ஒவ்வொரு முகத்திலும் விரல்கடை விரல்கடையாக மேடுபள்ளத்தை அளந்து ஒரு நோட்டில் குறித்தார். நூலளவு வித்தியாசத்தையும் காட்டும் முள் கருவியால் இரண்டு நாள் அளந்தார். “இதெல்லாம் எதுக்குங்க டீச்சர்?” என்றேன். “பின்னால கேட்டா கிடைக்காதுலா” என்றார்.

ஹக்கீம் அண்ணன் குடும்பத்துக்குப் பாலக்காட்டில் பெயின்ட் கடை. தண்ணீர்த் தொட்டி ஒழுகாமல் இருக்க அடிக்கும் பசையைக் கடையிலிருந்து கொண்டுவந்து கல்லின் இரு பக்கங்களையும் அடைத்தார். “டீச்சரே, இதுல சொட்டு வெளிய வந்தா என் பேரை மாத்திக்கறேன்” என்றார். ஒரு முனையில் நீர்த்த அமிலம் உள்ளே போகும். மறுமுனையில், விரிசல் திறந்திருக்கும் விளிம்பு நெடுகக் கீழே, பத்துக் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்தார். எங்கள் மாதிரி சரியென்றால் பத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைய வேண்டும்.

காலை பத்து மணிக்குத் திறந்தோம். முதலில் பத்துக் குப்பிகளிலும் சொட்டியது. நான் திருப்தியோடு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். “டீச்சர்!” என்று ஒரு கூச்சல். ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடினேன்.

ஏழாவது குப்பி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மற்ற ஒன்பதிலும் சொட்டு நின்றுபோயிருந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஒரே வழியில போகுது! மத்ததையெல்லாம் விட்டுட்டு ஒரே வழியில போகுது!” ஹக்கீம் அண்ணன் பசை ஒழுகுகிறதா என்று கல்லைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒழுகவில்லை.

எனக்கும் அந்தக் கணத்தில் உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்கமாட்டேன். விரிசல் ஓரிடத்தில் இரண்டு மடங்கு அகலமானால் அங்கே ஓட்டம் எட்டு மடங்காகும். இது புத்தகத்தில் உள்ளதுதான். கொஞ்சம் அகலமான இடத்தில் அமிலம் அதிகம் போகிறது. அதிகம் போவதால் அது இன்னும் அகலமாகிறது. அகலமானதால் இன்னும் அதிகம் போகிறது. கடைசியில் மற்ற இடங்களுக்கு அமிலமே மிஞ்சுவதில்லை. தட்டையான சுவர் என்று வைத்துக்கொண்ட எங்கள் மாதிரியில் இது நடக்க வழியே இல்லை. வகுப்பில் பல வருடம் சொல்லிக்கொடுத்த ஒன்று கண் முன்னால் குப்பியிலிருந்து வழிந்து ஓடியது.

சிலிர்ப்பு அடங்கியதும் எனக்குப் பயம் வந்தது. கிணற்றில் அமிலம் செலுத்த இன்னும் பத்தே நாள் இருந்தது.

“வைத்தி சாருக்குப் போன் போடுங்க” என்றார் புஷ்பம் டீச்சர்.

“இருங்க டீச்சர். ஒரு கல்லைத்தானுங்க பாத்திருக்கோம். இன்னும் ரெண்டு கல்லுல பாத்துப்போட்டுச் சொல்லலாமுங்க.”

“அதுக்குள்ள அங்க ஊத்திருவாங்களே.”

“ஏனுங்க, ரிப்போர்ட் குடுத்தாச்சு, லெட்டர் வந்தாச்சு. இப்பப் போயித் தப்புன்னா நம்மள என்னன்னு நெனைப்பாங்க?”

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தார். “பாறை நம்ம ரிப்போர்ட்டைப் படிக்காது டீச்சர்” என்றார். பிறகு மேசையில் இருந்த என் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே எண்ணைத் தேடி அழுத்தினார்.

“சார், நாங்க குடுத்த ரிப்போர்ட் தப்பு. நாங்க ரெண்டு பேரும்தான் சொல்லுதோம். ஆசிட்டு பரவாது. ஒரே வழியா ஓடும். அது கீழ தண்ணிப் பக்கம் ஓடுமான்னு இப்பச் சொல்லத் தெரியல. ஓடலாம்.”

வைத்தியின் குரல் எனக்கே கேட்டது. “விளையாடறேளா? பம்பு லாரியெல்லாம் புறப்பட்டாச்சு! நான் மேல என்னன்னு சொல்றது?”

“அந்தக் கணக்கை நம்பாதீங்கன்னு சொல்லுங்க. ஒம்பது நாள்ல வேற கணக்கு தாரோம்.”

அவர் ‘நாங்க ரெண்டு பேரும்’ என்று சொன்னது அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மாலை வீட்டுக்குப் போகிற பேருந்தில், கொல்லங்கோடு வருவதற்குள், அது எரிச்சல் இல்லை, வெட்கம் என்று புரிந்தது. மறுநாள் அவருக்கு முன்பே போய் ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன்.

அந்த ஒன்பது நாட்களைப் போல நான் வாழ்க்கையில் வேலை செய்ததில்லை. விரிசலை ஆயிரக்கணக்கான சிறு சதுரங்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் சொந்த இடைவெளி. அமிலம் ஓட ஓட ஒவ்வொன்றும் தன் போக்கில் அகலமாகும். முதலில் இதை எங்கள் கல்லில் சோதிக்க வேண்டும். நோட்டில் அளந்து வைத்த மேடுபள்ளங்கள் இப்போது தங்கமாகிவிட்டன. எல்லாவற்றையும் கணினிக்குள் கொடுத்து ஓட்டினோம்.

நான்காவது குப்பி நிறையும் என்று வந்தது.

மறுபடி ஓட்டினோம். மறுபடியும் நான்கு. மூன்று நாட்கள் நிரலை வரிவரியாகப் பார்த்தோம். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. நான் உள்ளுக்குள் வைத்தியிடம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஆசிரியர் அறையில் ஏதோ கூட்டம். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வருகைப் பதிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பம் டீச்சர் சும்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். ஒன்றின் மேல் மற்றொன்றைக் கவிழ்த்தார். விரித்தார். கவிழ்த்தார். பிறகு நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

“தப்பு என்னுது!”

பேசிக்கொண்டிருந்தவர் திகைத்துப்போனார். “மன்னிக்கணும் சார், உங்களது இல்ல, என்னுது” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். தாழ்வாரத்தில் நின்று தன் கைகளைக் காட்டினார். “மேல் கல்லை மல்லாத்தி வச்சு அளந்தேன். மூடும்போது கவுத்துப்போட்டோம்லா? இடது வலதாயிருச்சு. நான் திருப்பாமலே குடுத்துட்டேன். பாருங்க, இந்தக் கட்டைவிரல் இங்க வரணும், நான் அங்க வச்சிருக்கேன்!”

ஒரே ஒரு வரி. அதை மாற்றி ஓட்டினோம். திரையில் நீல நிறம் முதலில் அகலமாகப் பரவி, பிறகு மெல்லச் சுருங்கி, கோணல்மாணலான ஒரு கோடாகி, ஏழாவது குப்பிக்கு மேலே போய் நின்றது. பிறகு அவர் கல்லைப் பிரிக்கச் சொன்னார். ஹக்கீம் அண்ணன் உளி வைத்துப் பசையைப் பெயர்த்து மேல் பாதியைத் தூக்கினார். உள்ளே அமிலம் அரித்த தடம் விரல் தடிமனில் வளைந்து கிடந்தது. அதைப் படம் எடுத்து, திரையில் வந்ததையும் அதே அளவில் அச்செடுத்து, இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெயிலுக்கு எதிரே பார்த்தோம். வளைவுக்கு வளைவு பொருந்தியது. ஓரிடத்தில் மட்டும் லேசாக விலகியது. “அங்கன என்ன ஆச்சுன்னு பாக்கணும்” என்றார் உடனே.

அன்று கேன்டீனில் கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிக்கொடுத்தார். “என்ன விசேஷம் டீச்சர்?” என்று கேட்டவர்களிடம் “தப்பு கிடைச்சுட்டு” என்றார். அவருக்குப் பிள்ளை பிறந்ததுபோல முகம்.

மிச்சமிருந்த நாட்களில் உண்மையான கிணற்றின் கணக்குக்குப் போனோம். அத்தனை ஆழத்தில் விரிசலின் மேடுபள்ளத்தை யாரும் அளக்க முடியாது. அதனால் கிணற்றுச் சுவரின் படங்களை வைத்துக்கொண்டு, அங்கே இருக்கக்கூடிய விதவிதமான விரிசல்களைக் கற்பனையாக உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் அமிலம் ஒரே தடம் பிடித்துத் தண்ணீர்ப் பாறையை நோக்கி இறங்கியது.

எறணாகுளத்தில் இருக்கும் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ரயிலில் போனோம். நீண்ட மேசை. எதிரே ஏழெட்டுப் பேர். நான் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் மேலதிகாரி ஒருவர் முதலிலேயே புஷ்பம் டீச்சரைப் பார்த்து, அவர் கணித ஆசிரியைதானே, எப்போதாவது ஒரு கிணற்றை நேரில் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார்.

“இல்ல சார். நான் கிணத்தைப் பாத்ததில்ல. உங்க ஆசிட்டும்தான் அந்த விரிசலை இன்னும் பாத்ததில்ல” என்றார்.

வைத்தி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது சிரிப்பை அடக்கத் திணறினார். மேலதிகாரி சிரிக்கவில்லை. ஒரே வழியில்தான் போகும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். நான் சமன்பாடுகளைத் திரையில் காட்டினேன். யார் முகத்திலும் அசைவில்லை. புஷ்பம் டீச்சர் எழுந்தார்.

“எங்க எஸ்டேட்டுல தேயிலைச் செடிக்கு நடுவுல குறுக்குப் பாதை உண்டும் சார். யாரும் வெட்டினதில்ல. மொதல்ல ஒரு ஆளு, செடி கொஞ்சம் விலகி இருக்க எடத்துல நடந்துபோவான். அடுத்த ஆளு அங்கனதான் போவான், ஏன்னா அங்க ஏற்கெனவே மிதிச்சிருக்கு. ஒரு வருசத்துல அதுதான் ரோடு. மத்த எடத்துல புல்லு முளைச்சிரும். ஆசிட்டும் மனுசன் மாதிரித்தான், லேசான வழியைத்தான் பாக்கும்.”

மேலதிகாரி மலையாளி. மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. “அப்போ எந்து செய்யணும்?” என்று நேராக அவரிடமே கேட்டார்.

அதற்கும் அவரிடம் விடை இருந்தது. முதலில் கொஞ்சம் அமிலம் மட்டும் செலுத்துங்கள். அது ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்ததும், கஞ்சிபோலக் கெட்டியான ஒரு கூழை அனுப்புங்கள். கூழும் லேசான வழியில்தான் போகும், போய் அதை அடைத்துக்கொள்ளும். பிறகு மீதி அமிலத்தை அனுப்பினால் அது வேறு வழி தேடியாக வேண்டும். அந்தக் கூழ் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. எப்போது அனுப்ப வேண்டும் என்பதைத்தான் எங்கள் கணக்கு சொன்னது.

பம்பு ஓடிய நாளில் கிணற்றிலிருந்து வரும் அழுத்தக் கோட்டை எங்கள் ஆய்வுக்கூடத்துத் திரையிலும் பார்க்க வைத்தி ஏற்பாடு செய்திருந்தார். அமிலம் போனது. கோடு சரிந்தது. கூழ் அனுப்புகிறோம் என்று போனில் சொன்னார். கூழ் சரியான இடத்தை அடைத்தால் கோடு ஏற வேண்டும். ஏறவில்லை. நான் பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். புஷ்பம் டீச்சர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “போ, போ, இன்னும் கொஞ்சம் போ” என்று கூழிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கோடு ஏறியது. மெதுவாக, பிறகு வேகமாக. பிறகு படிப்படியாக இறங்கியது. அமிலம் புது வழிகளைத் திறக்கிறது என்று அர்த்தம்.

“ஏறிடுத்து டீச்சர்! நீங்க சொன்ன இடத்துலயே ஏறிடுத்து! கண்டேளா?” போனில் வைத்தி கத்தினார். புஷ்பம் டீச்சர் ஹக்கீம் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தார். ஹக்கீம் அண்ணன் சங்கடத்தோடு, ஆனால் கூடவே, இரண்டு குதி குதித்தார். அடுத்த வாரம் கிணற்றிலிருந்து எரிவாயு வந்தது. தண்ணீர் வரவில்லை.

இதோடு நிறுத்தினால் அவரைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். இரண்டாவது கிணற்றில் நாங்கள் தோற்றோம். அதே முறை, அதே கூழ், தண்ணீர் வந்துவிட்டது. வைத்தி வருத்தத்தோடு போனில் சொன்னார். அடுத்த ஞாயிறு காலை எங்கள் வீட்டு வாசலில் புஷ்பம் டீச்சர் நின்றார். கையில் ஒரு கட்டுத் தாள்.

என் கணவர் கதவைத் திறந்து, “வாங்க டீச்சர், உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா?” என்றார்.

“காப்பி இருக்கட்டும் அண்ணே, டீச்சரைக் கூப்பிடுங்க. எங்க தோத்தோம்னு தெரிஞ்சுபோச்சு!”

அவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் இடம் அங்கே இருந்திருக்கிறது. கூழ் ஒரு விரிசலை அடைத்ததும் அமிலம் குறுக்கு விரிசலுக்குத் தாவியிருக்கிறது. எங்கள் மாதிரியில் ஒரே விரிசல்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி இதை விளக்கும்போது, என் கணவர் வைத்த காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியது. பிறகு நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஜெயித்த கிணற்றுக்கு முன்னால் தோற்ற கிணற்றைத்தான் வைக்க வேண்டும் என்று வாதாடி, அப்படியே செய்யவும் வைத்தார். “ஜெயிச்சதைப் படிச்சா கைதட்டுவாங்க. தோத்ததைப் படிச்சாத்தான் மேல வேலை செய்வாங்க” என்றார். அந்த வருடம் உங்களில் சிலருக்கு முதலாண்டுத் தேர்வில் இரண்டு விரிசல்கள் பற்றி ஒரு கடினமான கேள்வி வந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அவர் இறந்த மறுநாள் நான், ஹக்கீம் அண்ணன், வைத்தி மூவரும் தேவிகுளத்துக்குப் போனோம். அடக்கம் முடிந்து லயத்தின் முற்றத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கும் துரைப்பாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், அக்கா காலேஜ்ல கணக்கு எடுக்கான்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஆசிட்டு, கிணறுன்னு என்னமோ சொல்லுவா, புரியாது. அவ என்ன செஞ்சான்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.”

சாவு வீட்டில் இதையெல்லாம் பேசலாமா என்று தயங்கித்தான் ஆரம்பித்தேன். கல்லைப் பற்றிச் சொன்னேன். குப்பிகளைப் பற்றிச் சொன்னேன். கைகளைக் கவிழ்த்துக் காட்டினேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது. தள்ளி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து கிட்டே வந்தார்கள். கூழிடம் அவர் “போ, போ” என்று சொன்னதைச் சொன்னபோது ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். துரைப்பாண்டியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் முடித்ததும், கொழுந்து பறிக்கும் வேலை செய்கிற பேச்சியம்மாள் என்பவர் கேட்டார். “ஏம்மா, மழைத்தண்ணியும் அப்படித்தான் ஒரே விரிசலைப் பாத்துப் போகுமா? எங்க லயத்துக்கு மேல மலையில மழை பெய்ஞ்சா ஒரே எடத்துலதான் தண்ணி பீச்சுது. வருசா வருசம் கூடிக்கிட்டே வருது. அது எங்கன இருந்து வருது? மலை தாங்குமா?”

மழைக்காலத்தில் மண் சரிந்து லயங்களையே மூடிய பக்கம் அது. அந்த மலைக்குக் கீழே வாழ்பவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். நான் அங்கே ஒரு பேராசிரியராக உட்கார்ந்திருந்தேன். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“தெரியலைங்க அம்மா” என்றேன். “இங்கத்த பாறை வேறைங்க, ஆசிட்டு சுண்ணாம்பைக் கரைக்கிற மாதிரி மழைத்தண்ணி இதைக் கரைக்காது. ஆனா தண்ணி உள்ள எந்த வழியில போகுது, ஏன் கூடிக்கிட்டே வருதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியலைங்க. எந்த எடத்துல பீச்சுதுன்னு காட்டுறீங்களா?”

பேச்சியம்மாள் எழுந்தார். அவரோடு இன்னும் நான்கைந்து பேர் எழுந்தார்கள். எந்த மாதத்தில் தொடங்குகிறது, போன வருடம் எவ்வளவு தூரம் வந்தது, எந்தப் பக்கம் மண் விரிந்திருக்கிறது என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வைத்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஹக்கீம் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பேச்சியம்மாள் காட்டிய இடம் வரை ஏறினோம். மழை வந்ததும் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதற்குள் மலைகளைப் பற்றித் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கபுஷ்பம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று என்னைக் கேட்டால், சமன்பாடுகள் இல்லை. அவை கட்டுரையில் இருக்கின்றன, யாரும் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் ‘தெரியாது’ என்று சொல்ல நேர்ந்தபோதெல்லாம் என் குரல் தானாகத் தாழும். அன்று அந்த முற்றத்தில் அது தாழவில்லை.